ஆகாயத்தில் முளைத்த காராமணி

வேலப்பன்சாவடியில் காராமணியை ஊறவைத்துத் துணியில் கட்டினால் முளைவிடும், அதிசயமொன்றுமில்லை. அதே பயறு 350 கிலோமீட்டர் உயரத்தில் முளைத்ததென்றால்?

2024 டிசம்பர் 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ராக்கெட்டின் கடைசிப் பாகத்தில், திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் எட்டு விதைகளைப் பெட்டியிலிட்டு அனுப்பினார்கள். எடையற்ற அவ்விடத்தில் மேலேது, கீழேது? வேர் எத்திசை செல்லும்? வார்த்த நீரும் தானாகக் கீழிறங்காதன்றோ! ஆயினும் நான்கே நாளில் முளை கண்டது. பின்னர் இலையும் விட்டது.

நமக்குப் பெருமைதான், மிகைப்படுத்த மட்டும் விரும்பவில்லை. சோவியத் நாட்டாரின் சால்யூட்-7 நிலையத்தில் கடுகினச் செடியொன்று 1982-லேயே பூத்து விதையும் ஈன்றது. நெடுந்தூர விண்யாத்திரிகர்களுக்கு உணவாக வேண்டுமாயின் இரண்டிலை போதாது. நம் காராமணி இன்னும் பூக்கவேண்டும், காய்க்கவேண்டும்.