தாய்மடி இருக்கையாகுமா? நீண்ட விமானப் பயணத்தில் குழந்தைகளின் பாதுகாப்பு

டென்மார்க்கின் மேற்கு யூட்லாந்துப் பகுதியில் உள்ள ஹொல்ஸ்டெப்ரோ நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், தனது ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காரில் கடைத்தெரு வரைகூடச் செல்ல முடியாது. 135 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் கொண்ட குழந்தைகளை அவர்களுக்குரிய பாதுகாப்பு இருக்கையில் அமர்த்தியே காரில் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அந்நாட்டின் சட்டம். மருத்துவமனையில் பிறந்த குழந்தை வீடு திரும்பும் முதல் நாளிலிருந்தே இது நடைமுறைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் அதே குடும்பம் கொழும்புக்கு விமானம் ஏறும்போது, அதே குழந்தையை மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில், பத்து மணி நேரத்துக்கும் மேலாக மடியிலேயே வைத்திருக்கலாம். இரண்டு வயது நிறைவடையாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை என்ற விதியே உலகின் பெரும்பாலான நாடுகளில் நடைமுறையில் உள்ளது. சாலையில் குற்றமாகக் கருதப்படும் ஒன்று வானத்தில் ஏன் அனுமதிக்கப்படுகிறது என்பது, விமானப் பாதுகாப்பு வல்லுநர்களிடையே பல ஆண்டுகளாக நீடித்துவரும் ஒரு விவாதமாகும்.

இது புலம்பெயர் தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் அகதிகளாக டென்மார்க் வந்த இலங்கைத் தமிழர்களில் பலர் ஹொல்ஸ்டெப்ரோ, ஹெர்னிங் போன்ற யூட்லாந்து நகரங்களில் குடியமர்ந்தார்கள். அவர்களது பிள்ளைகளில் பலர் இன்று தாங்களே பெற்றோராகிவிட்டனர். பேரப்பிள்ளைகளை ஊரில் உள்ள உறவினர்களுக்குக் காட்டுவதற்காகவோ, நல்லூர்த் திருவிழாவைக் காண்பதற்காகவோ மேற்கொள்ளப்படும் பயணம் பில்லுண்ட் அல்லது கோபன்ஹேகன் விமான நிலையத்தில் தொடங்குகிறது. துபாய், தோஹா, இஸ்தான்புல் போன்ற ஏதோவொரு நகரில் விமானம் மாறி, கட்டுநாயக்கவில் இறங்கி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு 350 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைப் பயணத்தோடுதான் அது முடிகிறது.

கைகள் ஏன் போதாது?

குழந்தைக்குத் தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்பது ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. அன்றாட வாழ்வில் அது உண்மையும்கூட. ஆனால் விமானம் திடீரெனக் குலுங்கும்போது செயல்படும் விசைகள், மனிதக் கைகளின் வலிமையைக் கணக்கில் கொள்வதில்லை.

2024ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி, லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்றுகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியன்மார் வான்பரப்பில் கடும் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியது. பயணி ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். விமானம் பாங்காக்கில் தரையிறக்கப்பட்டது. சிங்கப்பூர் அதிகாரிகள் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கையின்படி, விமானத்துக்குள் உணரப்பட்ட செங்குத்து விசை, புவியீர்ப்பின் 1.35 மடங்கிலிருந்து எதிர்த்திசையில் 1.5 மடங்காக மாறுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் 0.6 விநாடி மட்டுமே. அடுத்த 4 விநாடிகளுக்குள் அது மீண்டும் தலைகீழாக மாறியது. இருக்கைப் பட்டி அணியாதவர்கள் முதலில் மேலே தூக்கியெறியப்பட்டு, பின்னர் கீழே விழுந்தார்கள். பாங்காக் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் இரண்டு வயதுக் குழந்தையும் அடங்கும்.

பத்து கிலோ எடையுள்ள குழந்தையைத் தந்தை இறுகப் பிடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்திசையில் 1.5 மடங்கு விசை செயல்படும்போது, அக்குழந்தை 15 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கூரையை நோக்கி இழுக்கப்படுகிறது. அவர் விழித்திருந்து, இரு கைகளாலும் பற்றியிருந்தால் ஒருவேளை தாக்குப்பிடிக்கலாம். நள்ளிரவில், உறக்கத்தில், அரை விநாடிக்குள் அதை எதிர்பார்க்க முடியாது. அவசரத் தரையிறக்கத்தின் விசை இதைவிடப் பல மடங்கு பெரியது. நவீன விமான இருக்கைகள் முன்னோக்கிய திசையில் புவியீர்ப்பின் 16 மடங்கு விசையைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கப்படுகின்றன. அந்த அளவு விசையில் பத்து கிலோ குழந்தை 160 கிலோவாகிவிடும். எந்தத் தாயாலும் அதைப் பிடித்து நிறுத்த இயலாது.

காற்றுக் கொந்தளிப்பு முன்பைவிட அதிகரித்துள்ளதாகவும் ஆய்வுகள் சுட்டுகின்றன. வட அட்லாண்டிக் வான்பரப்பின் பரபரப்பான ஓரிடத்தில் மேகமற்ற வானில் ஏற்படும் கடும் கொந்தளிப்பின் ஆண்டு மொத்த நேரம் 1979க்கும் 2020க்கும் இடையில் 55 சதவீதம் கூடியிருப்பதாக, பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் தெரிவித்தனர்.

சியூ சிட்டி விபத்து

1989ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி, டென்வரிலிருந்து சிகாகோ நோக்கிப் பறந்த யுனைட்டட் ஏர்லைன்ஸ் விமானத்தின் வால்பகுதி எஞ்சின் வெடித்துச் சிதறியது. விமானத்தைத் திருப்பும் கருவிகள் செயலிழந்தன. அது அயோவா மாநிலத்தின் சியூ சிட்டியில் அவசரமாகத் தரையிறங்க முயன்றபோது உடைந்து தீப்பற்றியது. விமானத்தில் இருந்த 296 பேரில் 112 பேர் உயிரிழந்தனர்.

அந்த விமானத்தில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தனர். அவர்களைத் துணியில் சுற்றித் தரையில், பெற்றோரின் காலடியில் கிடத்த வேண்டும் என்பதே அன்றைய நடைமுறை. விமானப் பணிப்பெண்களின் தலைவியாக இருந்த ஜேன் பிரவுன் அந்த அறிவுறுத்தலையே பெற்றோர்களுக்கு வழங்கினார். விமானம் மோதியபோது குழந்தைகளைப் பெற்றோரால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. இரண்டு வயது நிறைவடையாத ஓர் ஆண் குழந்தை உயிரிழந்தது. அக்குழந்தையின் தாய் உயிர்தப்பினார். அதன் பின்னர் ஜேன் பிரவுன், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்ற கோரிக்கைக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்.

இவ்விபத்தை விசாரித்த அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையைக் கட்டாயமாக்குமாறு 1990இல் பரிந்துரைத்தது. ஆனால் விதிகளை வகுக்கும் அதிகாரம் பெற்ற அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம், 2005இல் அந்த யோசனையைக் கைவிட்டது. 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தின் பக்கச்சுவர்ப் பகுதி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனபோது, அதிலும் மூன்று மடிக்குழந்தைகள் இருந்தனர். துளைக்கு அருகே இருந்த இரு இருக்கைகள் அன்று காலியாக இருந்தன. அந்நிகழ்வு பழைய விவாதத்தை மீண்டும் எழுப்பியது.

எதிர்வாதமும் அதன் எல்லையும்

தனி இருக்கையை மறுத்த அதிகாரிகள் குழந்தைகளின் பாதுகாப்பில் அக்கறையற்றவர்கள் என்று கூறிவிட முடியாது. அவர்களது கணக்கு வேறு. குழந்தைக்கும் பயணச்சீட்டு வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், செலவைத் தாங்க முடியாத குடும்பங்கள் விமானத்தைத் தவிர்த்துக் காரில் செல்லும்; சாலைப் பயணம் விமானப் பயணத்தைவிடப் பன்மடங்கு ஆபத்தானது; ஆகவே விதியால் காப்பாற்றப்படும் உயிர்களைவிட இழக்கப்படும் உயிர்களே அதிகமாக இருக்கும் என்பது அவர்களது வாதம். விமான விபத்துகளே அரிதானவை என்பதால் இவ்வாதத்தில் வலு உண்டு.

ஆயினும் இது அமெரிக்க உள்நாட்டுப் பயணங்களை மனதில் வைத்துப் போடப்பட்ட கணக்கு. டென்வரிலிருந்து சிகாகோவுக்குக் காரில் செல்லலாம். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் காரில் செல்ல முடியாது. கடல் கடந்து செல்லும் குடும்பத்துக்குச் சாலை மாற்றுவழியே அல்ல. எனவே அதிகாரிகளின் வாதம் நெடுந்தூரப் பயணங்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. அங்கே எஞ்சி நிற்பது பணம் குறித்த கேள்வி மட்டுமே.

அது சிறிய கேள்வி அல்ல. மடிக்குழந்தைக்குப் பன்னாட்டுப் பயணங்களில் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான் அறவிடப்படுகிறது. தனி இருக்கை என்றால் தொகை பல மடங்காக உயர்கிறது. இதை விதி கட்டாயமாக்காத நிலையில், முடிவெடுக்கும் பொறுப்பு முழுவதும் பெற்றோர் தோள்களிலேயே விழுகிறது. பலருக்கு அப்படியொரு தேர்வு இருப்பதே பயணச்சீட்டு வாங்கும் வேளையில் சொல்லப்படுவதில்லை.

வளையப் பட்டி போதுமா?

ஐரோப்பிய விமானங்களில் மடிக்குழந்தைக்கென ஒரு சிறு வளையப் பட்டி தரப்படுகிறது. அது பெற்றோரின் இருக்கைப் பட்டியில் கோர்க்கப்பட்டுக் குழந்தையின் இடுப்பைச் சுற்றிப் பூட்டப்படும். காற்றுக் கொந்தளிப்பின்போது குழந்தை மேலே தூக்கியெறியப்படுவதை இது தடுக்கும். அந்த அளவில் வெறுங்கைகளைவிட மேலானது. ஆனால் கடும் மோதலில் பெற்றோரின் உடல் முன்னோக்கி மடியும்போது, இடையில் சிக்கும் குழந்தையின் மென்மையான வயிற்றில் முழு அழுத்தமும் இறங்கும். இக்காரணத்தால் அமெரிக்காவில் இப்பட்டிக்கு அனுமதியில்லை. இரு கரைகளிலும் இருவேறு விதிகள் இருப்பதே, இதற்கு முழுமையான தீர்வு இன்னும் எட்டப்படவில்லை என்பதைக் காட்டுகிறது.

விமானத்தின் முன்சுவரில் பொருத்தப்படும் தொட்டிலும் பாதுகாப்புச் சாதனம் அல்ல. அது உறங்குவதற்கான வசதி மட்டுமே. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதில் குழந்தையைக் கிடத்த அனுமதியில்லை. குலுக்கல் தொடங்கினாலும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். நடை பழகிய குழந்தைக்கு அந்தத் தொட்டில் பெரும்பாலும் போதாது.

எந்த இருக்கை பொருந்தும்?

வீட்டுக் காரில் உள்ள குழந்தை இருக்கை எல்லாமே விமானத்துக்கு உதவாது என்பதைப் பலர் விமான நிலையத்தில்தான் அறிகிறார்கள். விமான இருக்கையில் இடுப்பைச் சுற்றிய பட்டி மட்டுமே உண்டு. காரில் உள்ளது போலத் தோளுக்குக் குறுக்கே செல்லும் பட்டியோ, ஐசோஃபிக்ஸ் எனப்படும் உலோகக் கொளுவிகளோ அங்கு இல்லை. ஐரோப்பாவில் இன்று விற்பனையாகும் பல இருக்கைகள் ஐசோஃபிக்ஸ் மூலம் மட்டுமே பொருத்தக்கூடியவை. அவற்றை விமானத்தில் பூட்ட வழியில்லை. ஆகவே இடுப்புப் பட்டியால் பொருத்தலாம், விமானத்தில் பயன்படுத்த ஏற்றது என்ற குறிப்பு இருக்கையின் மீதே ஒட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இருக்கையின் அகலமும் முக்கியம். சாதாரண வகுப்பு இருக்கைகள் ஏறத்தாழ 43 முதல் 45 சென்டிமீட்டர் அகலமே கொண்டவை. பிறர் வெளியேறும் வழியை மறிக்காதிருக்க, குழந்தை இருக்கை வழக்கமாகச் சன்னலோரத்தில் வைக்கப்படும். அவசர வழி வரிசையில் அதற்கு இடமில்லை. விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, இருக்கையின் பெயரையும் அளவையும் கூறி ஒப்புதல் பெறுவது அவசியம். விமானம் மாறும் பயணமெனில் இரு விமானங்களுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு மற்றொரு வழியும் உண்டு. கேர்ஸ் என்ற பெயர் கொண்ட தோள்பட்டிச் சாதனத்துக்கு 2006இல் அமெரிக்க நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. இது விமான இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டப்பட்டு இடுப்புப் பட்டியோடு இணைகிறது. 10 முதல் 20 கிலோ வரை எடையும், ஒரு மீட்டர் வரை உயரமும் கொண்ட குழந்தைகளுக்கு ஏற்றது. அரைக் கிலோவுக்கும் குறைவான எடையே கொண்டது. ஆனால் இதைக் காரில் பயன்படுத்த முடியாது. எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை என்பதால் முன்பே விசாரிப்பது நல்லது.

கவனிக்க வேண்டிய மற்றொன்று பிறந்தநாள். பயணத்தின் இடையில் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவடைந்தால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை கட்டாயமாகும். ஐந்தாறு வாரங்கள் ஊரில் தங்கும் குடும்பங்கள் இதை மறந்துவிட்டால் விமான நிலையத்தில் திண்டாட நேரிடும்.

அமர்த்துவதும் ஒரு கலை

இருக்கை கிடைத்தாலும் குழந்தை அதில் அமர்ந்திருக்க வேண்டுமே என்பது பெற்றோரின் நியாயமான கவலை. நடை பழகிய குழந்தைக்கு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருப்பது இயல்புக்கு மாறானது. இங்கு பழக்கமே துணை செய்கிறது. பட்டி பூட்டினால்தான் வண்டி நகரும் என்று காரில் பழகிய குழந்தை, தனது சொந்த இருக்கையை விமானத்திலும் கண்டால் அவ்வளவாக முரண்டு பிடிப்பதில்லை. அது உறங்குவதற்குப் பழகிய இடமாகவும் இருக்கிறது.

பட்டி விளக்கு அணைந்திருக்கும்போது சிறிது நடக்கவிட்டு, உணவுக்கும் உறக்கத்துக்கும் மீண்டும் அமர்த்துவது பலருக்குக் கைகொடுக்கும் முறை. விமானம் இறங்கும்போது காதடைப்பினால் குழந்தைகள் அழுது, பட்டியிலிருந்து நழுவ முயல்வார்கள். அவ்வேளையில் பாலோ தண்ணீரோ சிறிது சிறிதாக விழுங்கக் கொடுத்தால் வலி குறையும். நடைபாதை ஓரத்தில் குழந்தையை அமர்த்தினால், உணவு வண்டியில் கைகால் இடிபடவும் சூடான தேநீர் சிந்தவும் வாய்ப்புண்டு. குழந்தையை உறங்க வைப்பதற்காக மருத்துவ ஆலோசனையின்றிச் சளி மருந்து கொடுப்பது தவிர்க்கப்பட வேண்டியது. சில குழந்தைகளிடம் அது நேர்மாறான பரபரப்பையே ஏற்படுத்தும்.

தரையிறங்கிய பின்னர்

விமானம் கட்டுநாயக்கவைத் தொட்டதும் ஆபத்து நீங்கிவிட்டதாகவே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மையில் முழுப் பயணத்திலும் ஆபத்து மிகுந்த பகுதி அப்போதுதான் தொடங்குகிறது. விமானத்தைவிடச் சாலை பன்மடங்கு ஆபத்தானது என்று அமெரிக்க அதிகாரிகள் கூறிய காரணம், இங்கே எதிர்பாராத வகையில் தனி இருக்கைக்கு ஆதரவாகத் திரும்புகிறது. வாடகை வேன்களில் குழந்தை இருக்கை கிடைப்பது அரிது. விமானத்தில் கூடவே வந்த இருக்கை, யாழ்ப்பாணம் வரையிலான இரவுநேரச் சாலைப் பயணத்திலும் குழந்தையைக் காக்கும். தமிழகம் செல்வோருக்கும் இது பொருந்தும். இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்டவர்களைப் பட்டியோ குழந்தை இருக்கையோ இன்றி வாகனத்தில் கொண்டுசென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது.

எல்லாக் குடும்பங்களாலும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்த இயலாது. அவர்கள் தரப்படும் வளையப் பட்டியைப் பயணம் முழுவதும் பூட்டியே வைத்திருக்கலாம், இரவில் பெற்றோர் முறைவைத்து விழித்திருக்கலாம், காலி இருக்கை உண்டா என்று விமானம் ஏறும்போது கேட்கலாம், குழந்தை இருக்கையைக் கட்டணமின்றிப் பொதியாக அனுப்பப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதால் சாலைப் பயணத்துக்கேனும் அதை உடன் கொண்டுசெல்லலாம்.

விதிகள் விரைவில் மாறும் என்பதற்கான அறிகுறிகள் தென்படவில்லை. ஆனால் ஹொல்ஸ்டெப்ரோவின் தெருக்களில் ஒரு நாளும் தவறாமல் குழந்தையைப் பட்டியால் பூட்டும் பெற்றோருக்கு, விமானத்தின் வாசலில் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டிய கட்டாயமும் ஏதுமில்லை.