பழைய மடிப்புக் கேம்பரைத் தனியாரிடம் வாங்குதல் (பிரிட்டன்)

மடிப்புக் கேம்பர் என்பது காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் ஒரு சிறிய டிரெய்லர் ஆகும். மூடிய நிலையில் இது தாழ்வான ஒரு பெட்டி போலத் தோன்றும். முகாமிடத்தை அடைந்ததும் அதன் மேல்மூடியைத் திறந்து இரு பக்கங்களிலும் விரித்தால், விரிந்த மூடிகளே கட்டில்களாகும். அவற்றின் மேல் கம்பிச் சட்டத்தில் கோத்த கேன்வாஸ் துணி எழும்பிச் சுவராகவும் கூரையாகவும் நிற்கும். நடுப்பகுதியில் கேஸ் அடுப்பு, தொட்டி, இருக்கைகள் ஆகியவை இருக்கும். இதைக் கேரவனுக்கும் கூடாரத்துக்கும் இடைப்பட்டது எனலாம். டிரெய்லர் கூடாரம் எனப்படும் மற்றொரு வகையும் உண்டு. அதில் துணி தரைவரை இறங்கும். சமையல் பகுதி பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே இருக்கும்.

பிரிட்டனில் கான்வே, பென்னைன், டான்டி ஆகிய பெயர்களில் வந்த மடிப்புக் கேம்பர்கள் பழைய பொருள் விற்பனையில் அடிக்கடி காணப்படுகின்றன. பெரிய கேரவனை நிறுத்த வீட்டில் இடமில்லாதவர்களும், சிறிய கார் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளோடு குறைந்த செலவில் விடுமுறை கழிக்க விரும்பும் குடும்பங்களும் இவற்றைத் தேடி வாங்குகின்றனர். அவர்களுள் பலர் இதற்கு முன் எதையும் காரில் பூட்டி இழுத்தவர்கள் அல்லர். ஒரு கோடைக்காலச் சேமிப்பு முழுவதையும் கொண்டுபோய், யாரென்று அறியாத ஒருவரின் வீட்டு முற்றத்தில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதனால்தான் இதில் நேரும் தவறுகள் வலிக்கின்றன.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும்?

கடையில் வாங்குவதற்கும் தனிநபரிடம் வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்வது அவசியம். வணிகர் ஒருவர் நுகர்வோருக்கு விற்கும்போது 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். பொருள் திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும். இல்லையெனில் முதல் 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனிநபர் விற்பனையில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. தரத்தைப் பார்த்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு. 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்திலிருந்து இரண்டு உரிமைகள் மட்டுமே தனிநபர் விற்பனையில் மிஞ்சுகின்றன. விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது ஒன்று. பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. "நல்ல நிலையில் உள்ளது" என்ற பொதுவான சொல்லை வைத்துக்கொண்டு பிறகு வாதாடுவது கடினம். "துணியில் ஒழுக்கு இல்லை", "2019இல் புதிய டயர் போடப்பட்டது" என்று விற்பவர் திட்டமாக எழுதியிருந்தால், அது விவரிப்பு ஆகிவிடும். ஆகவே கேள்விகளைத் தொலைபேசியில் கேட்பதைவிட எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறுவது நல்லது. விளம்பரத்தின் படியையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விற்று முடிந்தவுடன் விளம்பரங்கள் மறைந்துவிடும்.

சில வணிகர்கள் தனிநபரைப் போல நடித்து விற்பதும் உண்டு. அவ்வாறு நடிப்பது குற்றமாகும். ஒரே தொலைபேசி எண்ணில் பல கேம்பர்கள் விளம்பரம் செய்யப்பட்டிருந்தால் ஐயம் கொள்ளலாம்.

உரிமையாளர் யார்?

காருக்கு இருப்பது போன்ற பதிவுப் புத்தகம் இத்தகைய டிரெய்லருக்குக் கிடையாது. டி.வி.எல்.ஏ. எனப்படும் அரசு ஊர்தி நிறுவனம் சாதாரணக் கேம்பருக்கு உரிமையாளர் பதிவு எதையும் வழங்குவதில்லை. பின்புறம் தெரியும் எண் பலகை, இழுக்கும் காரின் எண்ணே. கேரவன்களுக்கு 1992 முதல் 'கிரிஸ்' என்னும் தனிப்பட்ட பதிவுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது முதன்மையாகக் கேரவன்களுக்கானது. பழைய மடிப்புக் கேம்பர் ஒன்று அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கினாலும், அது உண்மையான உரிமையாளருக்கே திரும்பிப் போகும். கொடுத்த பணத்தை விற்றவரிடம்தான் தேட வேண்டும். கடன் நிலுவையுள்ள பொருளில் நிலை இன்னும் நுட்பமானது. வாடகைக் கொள்முதல் முறையில் வாங்கி, கடன் தீராத காரை ஒருவர் விற்று, அதை அறியாத தனிநபர் வாங்கிவிட்டால், 1964ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் அந்த வாங்கியவரைக் காக்கிறது. அந்தப் பாதுகாப்பு எஞ்சினால் இயங்கும் ஊர்திகளுக்கு மட்டுமே உரியது. டிரெய்லருக்குத் தானாக இயங்கும் எஞ்சின் இல்லையல்லவா? எனவே கடன் கொடுத்த நிறுவனம் கேம்பரை வந்து எடுத்துக்கொண்டு போக வாய்ப்பு உண்டு. காருக்கு நடந்ததை நினைத்துக்கொண்டு கேம்பரிலும் அப்படித்தான் என்று நம்புவோர் பலர்.

இதற்குச் செய்யக்கூடியவை எளியவை. விற்பவரின் வீட்டிலேயே வண்டியைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடத்திலோ கடை வாகன நிறுத்தத்திலோ சந்திக்க ஒப்புக்கொள்ளக் கூடாது. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும் உற்பத்தியாளரின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா, எங்காவது தேய்த்து அழித்த தடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். முதல் கொள்முதல் ரசீது, கையேடு, பழுதுபார்ப்புச் சீட்டுகள் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். இருபது ஆண்டுப் பழைய வண்டிக்கு எல்லாத் தாளும் இருக்காது என்பது உண்மை. ஒரு தாளும் இல்லாமல், அடையாளமும் காட்ட மறுத்தால் விட்டுவிடுவதே நல்லது.

துணி

மடிப்புக் கேம்பரின் உயிர் அதன் கேன்வாஸில் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் கடையில் வாங்கி மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் துணியின் வெட்டு வேறு. பல மாடல்களின் உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிவிட்டதால், துணியைத் தனியாகத் தைக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு சில வேளைகளில் வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

இங்கேதான் மிகப் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. "மழையாக இருக்கிறது, விரித்தால் துணி நனைந்துவிடும், போன மாதம்தான் விரித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை" என்று விற்பவர் சொல்வார். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். இலையுதிர்காலத்தில் பிரிட்டனில் அடிக்கடி மழை பெய்யும். ஆனாலும் முழுமையாக விரித்துக் காட்டாத மடிப்புக் கேம்பரை வாங்கவே கூடாது. வேறொரு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். அதற்குள் வேறு யாராவது வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும்.

ஈரத்தோடு மடித்து வைக்கப்பட்ட பருத்தித் துணியில் சில நாட்களிலேயே பூஞ்சை பிடிக்கும். கருப்புப் புள்ளிகளாகத் தொடங்கிப் பரவும். மேலோட்டமான பூஞ்சையைத் துடைக்கலாம். நூலுக்குள் இறங்கிய கறை போகாது. சலவைத்தூள் போன்ற வெளுப்பான்களைப் போட்டுத் தேய்த்திருந்தால் புள்ளி மறைந்திருக்கும், நூலும் வலுவிழந்திருக்கும். அத்தகைய துணி விரலால் அழுத்தி இழுத்தாலே கிழியலாம். கூரையின் மடிப்புக் கோடுகள், கட்டிலின் மூலைகள், ஜன்னல் திரைக்குப் பின்பக்கம், சட்டக் கம்பி உரசும் இடங்கள் ஆகிய நான்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பகலில் உள்ளே நின்று கதவையும் திரைகளையும் மூடினால், ஊசித் துளைகள் விண்மீன்களைப் போல ஒளி விடும். கதவைத் திறந்தவுடன் வரும் வாடையும் ஒரு சாட்சிதான். அதிகமான நறுமணத் தெளிப்பின் வாசனை வந்தால் அது எதை மறைக்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

டான்டி வகையின் உடல் பி.வி.சி. பூசிய துணியால் ஆனது. அது பருத்தி போல நீரை உறிஞ்சாது. எனவே பூஞ்சைக் கவலை குறைவு. அதில் இணைப்புகளையும் மடிப்பில் ஏற்பட்ட விரிசல்களையும் பார்க்க வேண்டும்.

வண்டியோடு வரும் முன்கூடாரத்தையும் விரிக்கச் சொல்ல வேண்டும். கம்பிகளுள் ஒன்றிரண்டு தொலைந்திருந்தால் அது நிற்காது. "எல்லாம் பையில் இருக்கிறது" என்பது போதாது, எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடிச்சட்டமும் சக்கரமும்

பிரிட்டனில் 3,500 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனை இல்லை. ஆகவே இருபது ஆண்டுகளாக எந்த மெக்கானிக்கும் தொடாத வண்டி ஒன்று சட்டப்படி விற்பனைக்கு வரலாம். சாலையில் அது பாதுகாப்பாக இருக்க வேண்டிய பொறுப்போ ஓட்டுநருடையது.

டயரில் கோடுகள் ஆழமாகத் தெரிவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை ஓடும் வண்டியின் டயர் தேயாது; நின்ற இடத்திலேயே கிழடாகும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3414 என்றால் 2014ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பதே பொதுவான அறிவுரை. மாற்று டயரின் எண்ணையும் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் வண்டி வாங்கிய நாளிலிருந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் பேரிங்கின் நிலை காதில் விழும். கரகரப்பு கேட்டால் மாற்ற வேண்டும். அது பெரிய செலவு அல்ல. பெரிய செலவு சஸ்பென்ஷன்தான். பெரும்பாலான கேம்பர்களில் இரும்புக் குழாய்க்குள் ரப்பர் தண்டுகள் திருகிக்கொடுக்கும் அமைப்பு உள்ளது. ரப்பர் முதுமையடைந்தால் வண்டி ஒரு பக்கம் தாழும். அதைப் பொதுவாகப் பழுதுபார்க்க முடியாது. அச்சையோ அந்தப் பகுதியையோ முழுமையாக மாற்ற வேண்டும். இரு சக்கரங்களுக்கும் மேலேயுள்ள இடைவெளியை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். நீண்ட நாள் கைப்பிரேக் போட்டு நிறுத்திய வண்டியில் பிரேக் பட்டை டிரம்மோடு துருவால் ஒட்டிப் போயிருக்கும். கொக்கி கழன்றால் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் அறுபடுக் கம்பி அற்றுப்போகாமல் இருக்கிறதா என்பதும் முக்கியம். பிரேக் இல்லாத சிறிய வகையாக இருந்தால், அதன் எடை இழுக்கும் காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்கை வீட்டிலேயே, காரின் கையேட்டை வைத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அழகான கேம்பரை நேரில் பார்த்த பிறகு யாரும் கணக்குப் போடுவதில்லை. ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை இப்போது சிக்கல் குறைவு. 1997க்குப் பின் தேர்வு எழுதியவர்களும் 2021 டிசம்பர் முதல் 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரைத் தனித் தேர்வு இல்லாமல் இழுக்கலாம்.

பலகைத் தரையை ஓரங்களிலும், தொட்டிக்கு அடியிலும், சக்கர வளைவுக்கு மேலும் கால்விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கினால் உளுத்துவிட்டது என்று பொருள்.

கேஸும் மின்சாரமும்

கேஸ் ரப்பர் குழாயில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். பழையதாகவோ வெடிப்புடனோ இருந்தால் முதல் பயணத்துக்கு முன் மாற்ற வேண்டும்; விலை மிகக் குறைவு, அலட்சியத்தின் விலை உயிர். குளிர்பெட்டி குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே பார்க்கப் போவதற்கு முன்பே அதை இயக்கி வைக்கும்படி விற்பவரிடம் சொல்ல வேண்டும். பின்விளக்குகளை வாங்குபவரின் காரில் இணைத்தே சோதிக்க வேண்டும். பழைய வண்டிகளில் ஏழு முனைப் பிளக்கும் புதிய கார்களில் பதின்மூன்று முனை சாக்கெட்டும் இருப்பது வழக்கம். இடையிணைப்பான் ஒன்றைக் கையில் கொண்டுபோகாவிட்டால் அன்று வண்டியை இழுத்து வர முடியாது.

பணம் கொடுக்கும்போது

சந்தை விலையைவிட மிகக் குறைவான விலை, நேரில் வர முடியாதபடி வெளிநாட்டில் இருக்கும் விற்பவர், "இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், முன்பணம் அனுப்பினால் நிறுத்தி வைக்கிறேன்" என்ற அவசரம் ஆகியவை சேர்ந்து வந்தால், பெரும்பாலும் அந்தக் கேம்பரே இல்லை. படம் மட்டும் எங்கிருந்தோ எடுக்கப்பட்டது. இப்படி ஏமாந்து வங்கி வழியாகப் பணம் அனுப்பியவர்களுக்கு, வங்கிகள் 85,000 பவுண்டு வரை ஈடு செய்ய வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7 முதல் நடைமுறையில் உள்ளது. அது மோசடிக்கு மட்டுமே. வண்டி உண்மையிலேயே கைக்கு வந்து, துணி மட்டும் ஒழுகினால், அது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான வழக்கு, வங்கி தலையிடாது. அவ்வழக்கை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை சிறு கோரிக்கை முறையில் நடத்தலாம்.

வண்டியைப் பார்த்து முடித்த பிறகே, அங்கேயே நின்று பணத்தை மாற்றுவது பாதுகாப்பானது. இரண்டு படி ரசீது எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். அதில் நாள், விலை, விற்பவரின் பெயரும் முகவரியும், அடிச்சட்ட எண், "இதன் மீது கடன் எதுவும் இல்லை, விற்க எனக்கு முழு உரிமை உண்டு" என்ற வாக்கியம், உடன் வரும் பொருள்களின் பட்டியல் ஆகியவை இடம்பெற வேண்டும். விற்பவர் ஒப்புக்கொண்ட குறைகளையும் அதிலேயே எழுதிவிடலாம். நேர்மையான விற்பவர் அதற்கு மறுப்பதில்லை, அது அவருக்கும் காப்பு. காரின் காப்பீடு இழுத்துச் செல்லும்போது மற்றவர்களுக்கு நேரும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்கும். கேம்பருக்கே நேரும் சேதத்தை ஏற்காது. ஆகவே தனிக் காப்பீட்டை வீட்டுக்கு இழுத்து வருவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.