வளரும் எலும்புக்கு விலை பேசலாமா?

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் மாலை நேரத்தில் பந்து விளையாடும் இரண்டு பையன்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் வயது 13. ஒரே வகுப்பு. முதல் பையனுக்கு அரும்பு மீசை விட்டிருக்கிறது, குரல் உடைந்துவிட்டது. ஓங்கி உதைத்தால் பந்து மறுகோடியில் போய் விழும். இரண்டாவது பையன் அவன் தோளுக்குத்தான் வருவான். பந்து அவன் காலைவிட்டு அகலாது. ஆனால் யாராவது தோளால் இடித்தால் விழுந்துவிடுவான்.

தூரத்து ஊர் கிளப் ஒன்றிலிருந்து ஒருவர் வருகிறார். "ஒரு பையனை அழைத்துப்போகிறோம். சாப்பாடு, படிப்பு, தங்குமிடம் எல்லாம் எங்கள் பொறுப்பு" என்கிறார். யாரை அழைத்துப்போவார்? முதல் பையனைத்தான் என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். முதலில் இருவருடைய கையையும் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்போம்.

கை சொல்லும் வயது

நம் கைகால்களில் உள்ள நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு ஒன்று உண்டு. இதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயர். இங்கே செல்கள் பெருகுகின்றன. பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியான எலும்பாகின்றன. நாம் உயர்வது இப்படித்தான். எக்ஸ் கதிர்ப் படத்தில் இந்தத் தட்டு ஒரு கரிய கோடு போலத் தெரியும். வளர்ச்சி முடிந்ததும் தட்டு எலும்பாகிவிடும், கோடும் மறைந்துவிடும்.

மணிக்கட்டையும் உள்ளங்கையையும் படமெடுத்து, வெவ்வேறு வயதுக் குழந்தைகளின் படங்களோடு மருத்துவர்கள் ஒப்பிடுவார்கள். கிரூலிச், பைல் என்ற இரு அறிஞர்கள் இதற்கென ஒரு பட நூலை 1950இல் வெளியிட்டார்கள். இப்படிக் கணக்கிடும் வயதுதான் 'எலும்பு வயது'.

நம் பையன்கள் இருவருக்கும் பிறப்புச் சான்றிதழ்ப்படி வயது 13தான். ஆனால் ஒருவனுடைய எலும்பு வயது 15 ஆகவும், மற்றவனுடையது 11 ஆகவும் இருக்கலாம். இது நோயல்ல. பருவமடைதல் சிலருக்கு முந்தும், சிலருக்குப் பிந்தும், அவ்வளவுதான். முதல் பையனின் பலத்தில் ஒரு பங்கு, வளர்ச்சி முன்கூட்டியே தொடங்கியதால் வந்தது. 18 வயதில் இரண்டாமவன் அவனை எட்டிப் பிடித்துவிடலாம். முன்னே முளைத்த காதைப் பின்னே முளைத்த கொம்பு மறைத்தது என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா?

பிறந்த மாதமும் விளையாடுகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள். கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று 1985இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்னர் கால்பந்திலும் இதே போக்கு தெரியவந்தது. திறமை என்று நாம் எண்ணுவதில் சில மாத மூப்பும் கலந்திருக்கிறது!

வலியை யாரிடம் சொல்வது?

வளர்ச்சித் தட்டு முதிர்ந்த எலும்பைவிடப் பலவீனமானது. ஓய்வில்லாமல் ஓடி உதைக்கும் சிறுவர்களுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலியும் வீக்கமும் வருவதுண்டு. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீட்டில் இருக்கும் பையன் அம்மாவிடம் காலைக் காட்டுவான். தூரத்து ஊரில் விடுதியில் இருக்கும் பையன்? 'சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவான்.

ஐரோப்பாவில் பெரிய கிளப்பில் சேர்த்துவிடுவதாக ஆசை காட்டி, மேற்கு ஆப்பிரிக்கச் சிறுவர்களின் குடும்பத்திடம் பணம் வாங்கிக்கொண்டு, அவர்களை அந்நிய நகரங்களில் கைவிட்டுப்போன தரகர்களும் உண்டு. இவற்றையெல்லாம் தடுக்கத்தான் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2001இல் ஒரு வேலி போட்டது. 18 வயது நிறையாதவர்கள் நாடு விட்டு நாடு கிளப் மாறக் கூடாது என்பது விதி.

விலக்குகளும் உண்டு. கால்பந்து அல்லாத காரணத்துக்காகப் பெற்றோர் வேறு நாட்டில் குடியேறினால், பிள்ளை அங்கே ஆடலாம். வீடும் கிளப்பும் எல்லைக்கோட்டிலிருந்து தலா 50 கிலோமீட்டருக்குள் இருந்து, பையன் வீட்டிலேயே தங்கினாலும் ஆடலாம். 50 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் உள்ள தூரம். இந்த விலக்குகளின் சாரம் என்ன? பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு வர வேண்டும்!

மெஸ்ஸி என்ன ஆவார்?

"அர்ஜென்டினாவின் மெஸ்ஸி 2000இல் 13 வயதில்தானே பார்சிலோனாவுக்குப் போனார்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருந்தது; அங்கே சிகிச்சையும் கிடைத்தது. ஆனால் ஜெயித்தவரை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். அப்படிப் போய்த் தோற்றுத் திரும்பியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

ஜப்பானின் டகெஃபுசா குபோவைப் பாருங்கள். 2011இல் 10 வயதில் பார்சிலோனாவின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். விதியை மீறிச் சிறுவர்களைச் சேர்த்ததற்காக 2014இல் பார்சிலோனாவை ஃபிஃபா தண்டித்தது. குபோ போட்டிகளில் ஆட முடியாமல் 2015இல் நாடு திரும்பினார். தவறு செய்தவர்கள் பெரியவர்கள், தவித்தது சிறுவன். ஆனால் 2019இல் 18 வயதானதும் ரியல் மாட்ரிட் அவரை அழைத்துக்கொண்டது. காத்திருந்ததால் திறமை கரைந்துவிடவில்லை.

நம் ஊருக்கு வருவோம்

நாட்டுக்குள் நடக்கும் மாற்றங்களை அந்தந்த நாட்டுச் சம்மேளனமே ஒழுங்குபடுத்த வேண்டும் என்று ஃபிஃபா விட்டுவிட்டது. ஸ்ரீரங்கத்துப் பையன் காவிரிப் பாலத்தைக் கடந்து திருச்சியில் பயிற்சி பெற்று, டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினால் கவலையில்லை. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகிறான் என்றால் சில கேள்விகள் கேட்டே ஆக வேண்டும். பள்ளிப் படிப்பு தொடருமா? கால் அடிபட்டால் யார் பொறுப்பு? வீடு திரும்ப நினைத்தால் தடையின்றித் திரும்ப முடியுமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாத மாற்றத்தை அனுமதிக்கக் கூடாது.

முதலில் பந்தைக் கற்றுக்கொடுத்தவரையும் மறக்கக் கூடாது. தொழில்முறை ஆட்டக்காரர் விலை கொடுத்து நாடு விட்டு நாடு கிளப் மாற்றப்படும்போது, அந்த விலையில் 5 சதவீதத்தை, 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பகிர்ந்து தர ஃபிஃபா விதி உண்டு. உள்ளூர்ச் சிறு கிளப்புகள் வாழ இதுபோன்ற ஏற்பாடு உள்ளூரிலும் தேவை.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கால்பந்து அணியினரின் பிறந்த மாதங்களைக் கேட்டு எழுதுங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை எத்தனை பேர்? ஜூலை முதல் டிசம்பர் வரை எத்தனை பேர்? ஓர் அணி போதாது. பக்கத்துப் பள்ளி அணிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு, அணியில் இடம் கிடைக்காமல் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் அந்தக் குட்டைப் பையனைப் பாருங்கள். அவன் எலும்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை.