மாற்றியமைத்த வாகனம்: காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்துவிட்டீர்களா?

கால் அகற்றப்பட்டோ, முதுகுத்தண்டில் அடிபட்டோ சிகிச்சை முடித்து வீடு திரும்புவோர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "இனிமேல் கார் ஓட்ட முடியுமா?" பலரால் முடியும். ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் கையால் இயக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு ஓட்டுவோர் இருக்கின்றனர். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை மதுரையில் காணாத தெருவே இல்லை எனலாம். ஆயினும், வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்கப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

நீரிழிவால் வலது காலை இழந்த ஒருவர் உசிலம்பட்டியில் வசிக்கிறார் என வைத்துக்கொள்வோம். பட்டறையில் கைக்கருவியைப் பொருத்திக்கொண்டு மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும் வழியில், திருமங்கலம் நான்கு வழிச்சாலையில் அவருடைய கார் மோதி நசுங்குகிறது. ஆய்வுக்கு வரும் சர்வேயர், ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத கருவி ஒன்று வண்டியில் இருப்பதைக் குறித்துக்கொள்கிறார். மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டம் கட்டாயமாக்கிய ஒன்று. எனவே சிக்கல் பெரும்பாலும் சொந்த வண்டிக்கான இழப்பீட்டில்தான் எழும். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி அது குறைக்கப்படலாம், மறுக்கவும் படலாம். பாலிசியில் மதிப்புக் குறிக்கப்படாத கருவிக்குத் தனியே இழப்பீடு எதிர்பார்க்கவும் இயலாது. மருத்துவச் செலவால் ஏற்கெனவே நலிந்திருக்கும் குடும்பம் இதை எப்படித் தாங்கும்?

சட்டம் உண்மையில் நோயாளிக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. அதே பிரிவு, உடற்குறை உள்ளவரின் பயன்பாட்டுக்காக வண்டியை மாற்றியமைக்கப் பதிவு அதிகாரி அனுமதி வழங்கலாம் என்றும் கூறுகிறது. 'ஊனமுற்றோர் வண்டி' என்ற பொருளில் இருந்த பழைய ஆங்கிலச் சொல்லை நீக்கி, 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது 2019ஆம் ஆண்டுத் திருத்தம். காலம் கடந்து வந்தாலும் நல்ல திருத்தம்.

ஆகவே, பட்டறைக்குச் செல்லும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் செல்லுங்கள். மதுரையில் வடக்கு, தெற்கு, மத்தி என மூன்று அலுவலகங்கள் உள்ளன. உங்கள் முகவரிக்கு உரியதை அணுகவேண்டும். அனுமதி பெற்று மாற்றம் செய்தபின் 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ளவேண்டும். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் முன்னதாகவே பெறுங்கள். ஓட்டுநர் உரிமமும் மாற்றியமைக்கப்பட்ட வாகனத்திற்கு உரியதாக இருக்கவேண்டும்.

அடுத்தது காப்பீட்டு நிறுவனம். பாலிசி எண், வண்டி எண், மாற்றத்தின் விவரம், பொருத்திய நாள், ரசீதுத் தொகை ஆகியவற்றை எழுதி, திருத்திய ஆர்.சி. நகலுடன் கொடுத்து, எண்டார்ஸ்மென்ட் எனப்படும் திருத்த இணைப்பைக் கேளுங்கள். முகவரிடம் வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது. பிரீமியம் கூடிவிடும் என்று அஞ்சிச் சிலர் மறைக்கின்றனர். இந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்து, ஆர்.சி.யிலும் பதிவான வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி தரலாம் என 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் வகுத்திருந்தன. 12ஆம் எண் இணைப்பு என்று கேட்டால் அலுவலகத்தில் புரிந்துகொள்வர். 2007 முதல் பிரீமியத்தை நிறுவனங்களே நிர்ணயிப்பதால், எவ்வளவு குறையும் என்பதைக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கும் ஒரு சொல். படுத்த நிலையில் நோயாளியை அழைத்துவர வேனின் இருக்கைகளைக் கழற்றுவதும் மாற்றமே. இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. கேஸ் கிட் பொருத்துவதும் அவ்வாறே.

முறைப்படி தெரிவித்திருந்தும் இழப்பீடு மறுக்கப்பட்டால், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அப்போது உங்கள் கடிதத்தின் நகலும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் கையில் இருக்கவேண்டும்.