கமக்காரர் ஓய்வூதியம்: வயதெல்லை மாறியது, உரிமை மாறவில்லை

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாங்கேணியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் ஒரு பொலித்தீன் பையோடு என்னிடம் வந்தார். பையினுள் நனைந்து காய்ந்த மூன்று பற்றுச்சீட்டுகள் இருந்தன. "சுவாமி, அறுபது வயசானா மாதாமாதம் காசு வரும் எண்டு சொல்லித்தான் கட்டினேன். இப்ப அறுபத்து மூண்டு எண்டுறாங்க. மத்தச் சீட்டெல்லாம் ஓடக்குள்ள போயிற்று. எனக்கு இனிக் கிடைக்குமா?" என்று கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. இடம்பெயர்ந்து வாழ்ந்த எத்தனையோ கமக்காரக் குடும்பங்களில் இதே கேள்வி இன்றும் இருக்கிறது. ஆகவே இத்திட்டம் என்ன, அதில் என்ன மாறியது, நாம் செய்யவேண்டியது என்ன என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

திட்டம் தோன்றிய விதம்

அரசாங்க உத்தியோகத்தருக்கும் படையினருக்கும் ஓய்வூதியம் நெடுங்காலமாக உண்டு. வயலில் உழைத்தவனுக்கு அது இருக்கவில்லை. இக்குறையைப் போக்க 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தினால் கமக்காரர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்பு நன்மைத் திட்டம் உருவாக்கப்பட்டது. மீனவருக்கான இதுபோன்ற சட்டம் 1990இல் வந்தது.

18 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்ட கமக்காரர் இதில் சேரலாம் என்பது சட்டத்தின் ஏற்பாடு. சேரும் வயதுக்கேற்பத் தவணைப் பணம் நிர்ணயிக்கப்பட்டது. 60 வயது முதல் ஆயுள் முழுவதும் மாதந்தோறும் ஓய்வூதியம் என்பது வாக்குறுதி. 59 வயதில் சேர்ந்தவருக்கு 1,000 ரூபாவும், 18 வயதிலேயே சேர்ந்தவருக்கு 4,167 ரூபாவும் எனப் பழைய அட்டவணை அமைந்தது. மரணம், நிரந்தர இயலாமை ஆகியவற்றுக்கும் கொடுப்பனவு உண்டு.

ஏன் தடைப்பட்டது?

நமது ஊர்களில் உள்ள மரண உதவிச் சங்கத்தை எண்ணிப் பாருங்கள். சந்தா சிறிது, அதுவும் பலர் ஒழுங்காகக் கட்டுவதில்லை. கொடுக்கவேண்டிய தொகையோ பெரிது. முதியவர்கள் பெருகப் பெருகப் பெட்டி வெறுமையாகும். ஓய்வூதிய நிதிக்கும் இதுவே நேர்ந்தது. 2012இல் கொடுப்பனவு நின்றது. 2014 ஜனவரியில் திறைசேரியின் பணத்தைக் கொண்டு மீண்டும் தொடங்கியபோது, 63 வயதைத் தாண்டியோருக்கே வழங்கப்பட்டது. 60 வயதை நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு மூன்று ஆண்டுகள் கைநழுவிப்போயின.

இன்னொரு இழப்பும் உண்டு. அட்டவணையிலுள்ள தொகை விலைவாசியோடு சேர்ந்து உயரவில்லை. 1987இல் ஆயிரம் ரூபா ஒரு குடும்பத்துக்குப் பெருந்தொகை. இன்று அதற்கு ஐந்து கிலோ அரிசி வாங்குவதே சிரமம்.

கடதாசி இல்லாதவன் கதி

நமது பகுதியில் துன்பம் இரட்டிப்பானது. 1990இன் இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பகுதியிலிருந்து மக்கள் வெளியேறியமை என்று அடுக்கடுக்காக வந்தன. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் கூரையில் செருகிய சீட்டை எடுத்துக்கொண்டு ஓடமாட்டாள். முகாமில் நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பவர் ஓய்வூதியத் தவணையைக் கட்டவும் இயலாது.

கடதாசி தொலைந்தால் உரிமையும் தொலைந்துவிடுமா? அயல் நாட்டு உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். சுபாஷ் சந்திரபோஸின் இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் சேர்ந்திருந்தனர். அப்படையினருக்கும் ஏனைய விடுதலைப் போராளிகளுக்கும் இந்திய அரசு 1972 ஓகஸ்ட் 15இல் ஓய்வூதியம் அறிவித்தது. ஆரம்பத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. 1980இல் அந்த வருமான எல்லை நீக்கப்பட்டது. சிறையிலிருந்ததற்குப் பதிவேடு கிடைக்காதவர்கள், உடன் சிறையிருந்தவர்களின் சான்றைக் கொடுக்கவும் வழி செய்யப்பட்டது. இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறலாம். தகுதி விதி கல்லில் எழுதியதல்ல, கேட்டால் மாறும். கடதாசி இல்லாத இடத்தில் உடனிருந்தவரின் சாட்சி கைகொடுக்கும்.

உரிமையும் உதவியும்

ஓய்வூதியத்தையும் முதியோர் கொடுப்பனவையும் பலர் ஒன்றென நினைக்கின்றனர். முதியோர் கொடுப்பனவு 70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கானது. 2025இல் அது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்குக் குடும்பத்தின் வறுமை பார்க்கப்படும். ஓய்வூதியமோ நீங்கள் வியர்வை சிந்திக் கட்டிய பணத்தின் பயன். ஒன்றைக் கேட்கும்போது மற்றதற்குரிய கடதாசியைக் கொண்டுபோய் அலைய வேண்டாம்.

செய்யவேண்டியவை

1. தேசிய அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயரும் பிறந்த திகதியும் ஒத்திருக்கின்றனவா என முதலில் பாருங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பிறப்புப் பதியப்படாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே விசாரியுங்கள்.

2. பற்றுச்சீட்டு இல்லையென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சேர்ந்த ஆண்டு, பணம் கட்டிய கமநல சேவை நிலையம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதி, கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையின் பதிவேட்டில் தேடும்படி கேளுங்கள்.

3. உங்களோடு சேர்ந்து பணம் கட்டியவர்களை விசாரியுங்கள். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைத்திருங்கள். அது மட்டும் போதுமென்று எண்ணவேண்டாம். தேடுவதற்கு அது துணை.

4. கணவர் இறந்துவிட்டாரென்றால் எல்லாம் முடிந்ததென விதவைகள் எண்ணவேண்டாம். மரணக் கொடுப்பனவு பற்றிக் கேளுங்கள்.

5. கேட்பதை எழுத்தில் கேளுங்கள். பிரதியைத் திகதியோடு வைத்திருங்கள். ஊரின் கமக்கார அமைப்பு அறுபது வயதைக் கடந்தோரின் பட்டியலைத் தயாரித்து, எல்லோருக்குமாக ஒருவரை அனுப்பலாம்.

அப்பெரியவருக்காகப் பலமுறை நடந்தோம். இறுதியில் அவரது பெயர் பழைய பேரேட்டில் இருந்தது. கிடைத்த தொகை சிறிதுதான். "மகனிட்டக் கேக்காம வெத்திலைக்கும் மருந்துக்கும் காணும்" என்றார். முதுமையில் அந்தச் சிறு சுதந்திரம் பெரிது.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், முதுமைக்கால ஓய்வூதியம் உழைப்பாளரின் உரிமை எனக் குறிப்பிட்டார். நிலத்தில் உழைப்போருக்கு முதுமையிலும் நோயிலும் சட்டப் பாதுகாப்பு இல்லாமையையும் சுட்டிக்காட்டினார். ஆகவே கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். இந்த இதழைப் படித்து முடித்ததும், வாசிக்கத் தெரியாத உங்கள் அயல்வீட்டுப் பெரியவருக்கு மேலே சொன்ன ஐந்து விடயங்களையும் வாசித்துக் காட்டுங்கள்.