சவாரிக்குப் போகும் வீடு

காலபோக அறுவடை முடிந்து சூடு மிதித்ததும் எமது கிராமங்களில் ஒரு பேச்சு எழும்: "இந்த முறை சவாரி எந்தத் திடலில?" யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலும் மாட்டுவண்டிச் சவாரி உழவர் வாழ்வோடு ஒட்டிய பந்தயமாகும். பார்ப்பவருக்கு அது சில கணப்பொழுது ஓட்டம். மாடு வளர்ப்பவருக்கோ ஆண்டு முழுவதும் வீட்டில் நடக்கும் வேலை.

எமது வீட்டிலும் ஒரு சோடி இருந்தது. ஐயா வண்டில் ஓட்டுவார். அம்மா விடியற்புறத்தில் பிண்ணாக்கு ஊறவைப்பார். சிறுவர்களான நாம் பூவரசங் குழை ஒடித்துப் போடுவோம், மாடுகளைக் குளிப்பாட்டுவோம். அம்மம்மா மாட்டின் கண்ணைப் பார்த்தே அதற்குச் சுகமில்லை என்று சொல்லிவிடுவார். சவாரியன்று சோற்றுப் பானையுடன் வீடே திடலுக்குப் போகும். பரிசை ஐயா வாங்கினாலும், அது யார் யாருடைய உழைப்பு என்பது எல்லோருக்கும் தெரியும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே வீதிக்கு வந்தது. அந்தச் சோடிதான் அம்மம்மாவையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. ஓடப் பழகிய மாடுகள் அன்று சனத்தோடு சனமாக அடிமேல் அடி வைத்தன. தென்மராட்சியில் தீனி இல்லை. எமக்கும் அரிசி தீர்ந்தது. ஒரு மாட்டை விற்றோம். 1996இல் வீடு திரும்பிய பின் மற்றது வேறெந்த மாட்டோடும் இணங்கி இழுக்கவில்லை. ஐயா சவாரித் திடல் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

இதனை வாசிப்போரில் பலர் எம்மைவிடக் கூடுதலாக இழந்தவர்கள். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் பட்டியைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்கள் உங்களில் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் சவாரியைப் பற்றிப் பேசலாமா என்று நாமும் தயங்கினோம். எமது தயக்கத்தைப் போக்கியது ஒரு குடும்பம்.

மீள்குடியேறிய அந்தக் குடும்பம் தமது பசு ஈன்ற நாம்பன் ஒன்றையும் அயலவரிடம் மாற்றிப் பெற்ற இன்னொன்றையும் சோடியாக வளர்த்தது. முதன்முறை சவாரிக்குப் போனபோது நாமும் கூடப் போனோம். பாதி வழியில் மாடுகள் பின்தங்கின. தகப்பன் கம்பை ஓங்கினார். ஓரத்தில் நின்ற பன்னிரண்டு வயது மகள், "அப்பா, அடியாதேங்கோ!" என்று கத்தினாள். மாடுகளைத் தினமும் குளிப்பாட்டுபவள் அவளே. அவர் கையை இறக்கினார். வண்டில் கடைசியாக வந்தது.

அன்றிரவு மாடுகளுக்குத் தண்ணீர் வைத்த பின்னரே வீட்டார் சாப்பிட்டார்கள். "தோத்துத்தான் போனம் சுவாமி. ஆனா எல்லாரும் ஒண்டாப் போய் ஒண்டா வந்தம்" என்றார் தகப்பன். ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகத் திரும்பி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இடம்பெயர்ந்தவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

தொடங்க விரும்புவோருக்கு

சோடி சேர்க்கும்போது வயது, உயரம், நடை மூன்றும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று பலமாகவும் மற்றது மெலிந்தும் இருந்தால் வண்டில் ஒரு பக்கம் இழுபடும். முதலில் நுகத்தோடு நடக்கவும், பின்னர் வெறும் வண்டிலை இழுக்கவும் பழக்குங்கள். மணற்பாங்கான நிலமே நல்லது. தார் வீதி வேண்டாம். தீனி தின்ற கையோடும் உச்சி வெயிலிலும் ஓட்டக் கூடாது. நொண்டும் மாட்டை அவிழ்க்கவே வேண்டாம். கால்வாய் நோய்த் தடுப்பூசியைக் காலத்துக்குக் காலம் அரச கால்நடை வைத்தியரைக் கொண்டு போடுவியுங்கள்.

கம்பில் ஆணி அறைந்து குத்துவது வீரமல்ல. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் 1907ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும், எமது மூட்டையைச் சுமந்த உயிரை நாம் குத்தலாமா?

பேர்பெற்ற சோடிகள் இலட்சக்கணக்கில் விலைபோகின்றன. கடன்பட்டு அவற்றை வாங்க நினையாதீர்கள். நுண்கடனால் நொந்த வீடுகளை நாம் நாளாந்தம் காண்கிறோம். வீட்டில் பிறந்த கன்றோடு தொடங்குங்கள். வெல்லாவிட்டாலும் அது வண்டில் இழுக்கும், தோட்டத்துக்கு எரு தரும். பணப் பந்தயமும் சாராயமும் திடலுக்குள் வந்தால் பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள்; பிறகு அது குடும்பத்தின் சவாரியாக இராது. மாடு வாங்குவதா, விற்பதா, ஓட்டுவதா என்பதை மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்தே தீர்மானிக்கட்டும். ஓட்டம் நடக்கும்போது சிறுவர்களை ஓடுபாதைக்கு எட்ட நிறுத்துங்கள்.

காணி இன்னும் கிடைக்காதவர்களுக்கு மாடு கட்ட இடமில்லை என்பதை நாம் அறிவோம். அயலிலுள்ள சோடி ஒன்றுக்குப் பிள்ளைகள் புல் அறுத்துக் கொடுக்கலாம். சவாரியன்று அந்த வண்டிலின் பக்கம் நிற்கலாம். மாட்டின் குணத்தை அறிந்த பிள்ளை, நாளை காணி கிடைக்கும்போது வெறுங்கையோடு தொடங்கமாட்டாது.

சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள், பட்டிப் பொங்கலன்று, அந்த வீட்டுக்குப் போனோம். மகள் மாடுகளின் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள். "இந்த முறை வெல்லுமோ?" என்று கேட்டோம். "ரெண்டும் இப்ப ஒரே அளவாக் கால் வைக்குதுகள், சுவாமி" என்றாள்.