தற்காப்புக்குத் துப்பாக்கி: எது நல்ல பயிற்சி?

உந்த அழிவின்மை விதியைப் படித்த மாணவர்கள் அனைவரும் இந்தக் கணக்கைச் செய்திருப்பார்கள். இவ்வளவு நிறையுள்ள துப்பாக்கியிலிருந்து இவ்வளவு நிறையுள்ள குண்டு இவ்வளவு வேகத்தில் பாய்கிறது. துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் வேகம் என்ன? விடை கிடைத்ததும் அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். நம்மில் பலருக்குத் துப்பாக்கி என்பது பாடநூலிலும் திரையிலும் மட்டுமே உள்ள பொருள்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அந்நாட்டு அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் நடைமுறைக்கு வந்தது. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்தது. அதை வெளியே எடுத்துச் செல்வதும் உரிமையே என்று 2022இல் புரூயன் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆடைக்குள் மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதிச் சீட்டே தேவையில்லை என்ற மாநிலங்களின் எண்ணிக்கை 2024இல் 29 ஆயிற்று. நியூயார்க் மாநிலமோ 2022இல் இயற்றிய சட்டத்தில் 16 மணி நேர வகுப்பையும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியையும் கட்டாயமாக்கியது.

ஆகவே பல மாநிலங்களில் பயிற்சி பெறுவதா, எங்கே பெறுவது, எவ்வளவு பெறுவது என்பதெல்லாம் துப்பாக்கி வாங்குபவரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது. பயிற்சி தருவோரும் பலவகைப்பட்டவர்கள். அவர்களுள் நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? இயற்பியலும் உடலியலும் இதற்குச் சில அளவுகோல்களைத் தருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

குண்டும் பின்னுதைப்பும்

பரவலாகப் பயன்படும் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். குண்டின் நிறை சுமார் 7.5 கிராம், அது குழலை விட்டு வெளிவரும் வேகம் விநாடிக்குச் சுமார் 360 மீட்டர். துப்பாக்கியின் நிறை 750 கிராம் எனக் கொள்வோம். குண்டைத் தள்ளும் வாயுவின் உந்தத்தைக் கணக்கை எளிதாக்குவதற்காக விட்டுவிடுவோம்.

குண்டின் உந்தம் 0.0075 × 360 = 2.7 கிலோகிராம்-மீட்டர்/விநாடி. துப்பாக்கியும் இதே உந்தத்தோடு பின்னோக்கி வரவேண்டும். அதன் நிறை நூறு மடங்கு ஆகையால் வேகம் நூறில் ஒரு பங்கு, அதாவது விநாடிக்கு 3.6 மீட்டர். இயக்க ஆற்றலோ குண்டுக்கு 486 ஜூல். துப்பாக்கிக்கு ஏறத்தாழ 5 ஜூல்தான். உந்தம் சமமாக இருந்தும் ஆற்றல் சமமாக இல்லாததால்தான் சுடுபவர் நிற்கிறார், சுடப்பட்டவர் காயமடைகிறார்.

சுடுபவரின் கை இந்த உதைப்பை நிறுத்த இருபதில் ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், அவர் உணரும் சராசரி விசை 2.7 ÷ 0.05 = 54 நியூட்டன். இது ஐந்தரைக் கிலோ எடையைத் தாங்குவதற்குச் சமம். உடல்நலமுள்ள எவரும் இதைத் தாங்கலாம். ஆனால் குழல் பிடிக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருப்பதால் உதைப்பு ஒரு திருப்புத்திறனையும் உண்டாக்குகிறது. குழல்வாய் மேலே எழும்புகிறது. இரு கைகளாலும், இயன்றவரை பிடியின் மேற்பகுதியில் பற்றச் சொல்வதன் காரணம் இதுதான். நெம்புகோலின் தூரம் குறைந்தால் எழும்புவதும் குறையும்.

திரைப்படம் சொல்லும் பொய்

கதாநாயகன் சுடுகிறான், எதிரி காற்றில் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுகிறான். இதை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். 2.7 அலகு உந்தமுள்ள குண்டு 70 கிலோ எடையுள்ள மனிதரின் உடலில் தங்கிவிட்டால் அவர் பெறும் வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவு. நத்தையை விட வேகம்தான்; ஆனால் பறப்பதற்குப் போதாது. சுடுபவரைத் தூக்கி எறியாத உந்தம் சுடப்பட்டவரையும் தூக்கி எறியாது.

இது வெறும் வேடிக்கைக் கணக்கு அன்று. ஒரு முறை சுட்டால் தாக்க வருபவர் அங்கேயே நின்றுவிடுவார் என்று நம்பித் துப்பாக்கி வாங்குபவர் தவறான நம்பிக்கையை வாங்குகிறார். குண்டு பட்டவரும் மேலும் பல விநாடிகள் ஓடலாம், தாக்கலாம். இந்த உண்மையை முதல் நாளே சொல்லாத பயிற்சியாளரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

முன்கூட்டியே நடுங்கும் கை

குழலின் நீளம் 10 சென்டிமீட்டர் என்றால், சீராக முடுக்கப்படும் குண்டு அதைக் கடக்க எடுக்கும் நேரம் சுமார் 0.00056 விநாடி. அதற்குள் துப்பாக்கி பின்னோக்கி நகரும் தூரம் 10 சென்டிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 1 மில்லிமீட்டர். மனிதர் ஓர் ஒலியைக் கேட்டுத் தசையை அசைக்கச் சுமார் 0.2 விநாடி ஆகும். எனவே கை உதைப்பை உணர்ந்து அசைவதற்கு வெகு முன்பே குண்டு போய்விடுகிறது.

அப்படியானால் புதியவர்கள் சுடும் குண்டு ஏன் பெரும்பாலும் குறிக்குக் கீழே போகிறது? உதைப்பினால் அன்று, உதைப்பை எதிர்பார்ப்பதனால். பேரோசையும் அதிர்ச்சியும் வரப்போகின்றன என்று மூளை கற்றுக்கொள்கிறது. டிரிக்கரை இழுக்கும்போதே மணிக்கட்டு தானாகக் கீழே அழுத்துகிறது, கண்கள் மூடிக்கொள்கின்றன. மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லவின் நாயை இங்கே நினைவுகூரலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. பயிற்சியாளர் உண்மைத் தோட்டாக்களுக்கிடையே ஒரு போலித் தோட்டாவைச் சுடுபவர் அறியாமல் கலந்துவைப்பார். அதன் முறை வரும்போது ஓசையும் இல்லை, உதைப்பும் இல்லை. கை மட்டும் கீழே குத்திக் காட்டிக்கொடுக்கும். இதைச் செய்து பார்க்கும் பயிற்சியாளர் குறையின் காரணத்தைத் தேடுகிறார். தோட்டாக்களை மட்டும் எண்ணிக் கொடுத்துச் சுடச் சொல்பவர் அந்தக் குறையையே பழக்கமாக்குகிறார்.

டிரிக்கரை இழுக்க வேண்டிய விசையும் கவனிக்கத்தக்கது. பல கைத்துப்பாக்கிகளில் அது சுமார் இரண்டரைக் கிலோ எடைக்குச் சமம். துப்பாக்கியின் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இந்த விசை சற்றே பக்கவாட்டில் திரும்பினாலும் குழல் அசையும். முன் குறிமுள்ளுக்கும் பின் குறிப்பிளவுக்கும் இடைவெளி 15 சென்டிமீட்டர் என்க. முன்முள் 1 மில்லிமீட்டர் விலகினால் 7 மீட்டர் தொலைவில் குண்டு ஏறக்குறைய 5 சென்டிமீட்டரும், 20 மீட்டரில் 13 சென்டிமீட்டரும் விலகும். அதே 7 மீட்டரில் புவியீர்ப்பினால் குண்டு இறங்குவது 2 மில்லிமீட்டர்தான். பிழை வானத்தில் இல்லை, விரலில் இருக்கிறது.

ஒன்றரை விநாடி

1983இல் சால்ட் லேக் நகரக் காவலர் டென்னிஸ் டூலர் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடி வரும் ஒருவர் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவார் என்றும், பயிற்சி பெற்ற காவலர் உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே ஆகும் என்றும் அவர் காட்டினார். 21 அடி என்பது 6.4 மீட்டர், சராசரி வேகம் விநாடிக்கு 4.3 மீட்டர். ஒரு பள்ளி மாணவன் ஓடும் வேகம்தான்.

காவலரின் உறை இடுப்பில் வெளியே தெரிகிறது. மறைத்து வைத்திருப்பவரோ முதலில் சட்டையை விலக்க வேண்டும். ஆகவே நேரம் கூடும். இதிலிருந்து பெறும் பாடம், 21 அடிக்குள் வருபவரையெல்லாம் சுடலாம் என்பதன்று. சுற்றிலும் கவனிப்பது, விலகிப் போவது, நடுவில் ஒரு மேசையையோ வண்டியையோ தடையாக வைத்துக்கொள்வது ஆகியவையே அதிக நேரத்தைத் தரும் என்பதுதான்.

தூண்டலுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள கால இடைவெளி மறுபக்கமும் வேலை செய்கிறது. எதிரில் இருப்பவர் கையை உயர்த்திப் பணிந்துவிட்டார் என்றாலும், அதைக் கண்டு விரலை நிறுத்தவும் நேரம் ஆகும். அதற்குள் போன குண்டைத் திரும்ப அழைக்க முடியாது. எனவே சுடாமல் இருக்கும் பயிற்சியும் பாடத்தில் இடம்பெற வேண்டும். கைபேசி வைத்திருப்பவரையும் கத்தி வைத்திருப்பவரையும் பிரித்தறியும் சூழல் பயிற்சி இல்லாத வகுப்பு பாதி வகுப்பே.

நான்கு விதிகள்

முன்னாள் கடற்படைத் தரைவீரரான ஜெஃப் கூப்பர் 1976இல் அரிசோனாவில் பொதுமக்களும் கற்கக்கூடிய கைத்துப்பாக்கிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர் வகுத்துப் பரப்பிய நான்கு பாதுகாப்பு விதிகள் இன்றும் எங்கும் கற்பிக்கப்படுகின்றன. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிறைந்ததாகவே கருத வேண்டும். அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பக் கூடாது. குறி பார்த்து முடிவு செய்யும் வரை விரல் டிரிக்கர்மேல் படக் கூடாது. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் உறுதியாக அறிய வேண்டும்.

மூன்றாம் விதிக்கு உடலியல் காரணம் உண்டு. ஒரு கை இறுகப் பற்றும்போதும், கால் இடறும்போதும், திடுக்கிடும்போதும் மற்றக் கையின் விரல்களும் தாமாகவே சுருங்கக்கூடும். இரண்டரைக் கிலோ என்பது அந்தச் சுருக்கத்துக்குப் பெரிய தடையன்று. நான்காம் விதிக்கு இயற்பியல் காரணம் உண்டு. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சப் பலகைகளே. 486 ஜூல் ஆற்றலுள்ள குண்டு அவற்றைத் துளைத்து அடுத்த அறைக்குப் போய்விடும். அங்கே உறங்குவது குழந்தையாக இருக்கலாம்.

வகுப்பு தொடங்கும்போது பயிற்சியாளர் தாமே இவ்விதிகளைக் கடைப்பிடிக்கிறாரா என்று பார்த்தால் போதும். அவருடைய தரம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காதும் நுரையீரலும்

கைத்துப்பாக்கி ஓசையின் உச்ச அளவு சுமார் 160 டெசிபெல். 140 டெசிபெல்லைத் தாண்டும் ஒரே வெடியோசையும் காதைப் பழுதாக்கலாம். 20 டெசிபெல் வேறுபாடு என்றால் ஒலியழுத்தம் பத்து மடங்கு என்று பொருள். ஆகையால் கூரையிட்ட சுடுதளங்களில் காதடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்து அணிவது நல்லது. மேலும், பல தோட்டாக்களின் தீமூட்டியிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. காற்றோட்டம் சரியில்லாத தளத்தில் ஈயத்தூள் மூச்சோடு உட்செல்லும். கையிலும் ஆடையிலும் ஒட்டி வீட்டுக்கும் வரும். காற்று எந்தத் திசையில் இழுக்கப்படுகிறது, கைகழுவ வசதி உண்டா என்று கேட்பது கற்கவருபவரின் உரிமை.

ஒரு நாள் போதுமா?

1998 முதல் 2006 வரை நியூயார்க் நகரக் காவலர்கள் ஈடுபட்ட துப்பாக்கிச் சண்டைகளை ரேண்ட் நிறுவனம் ஆராய்ந்து 2008இல் அறிக்கை தந்தது. அச்சண்டைகளில் காவலர்கள் சுட்ட குண்டுகளில் இலக்கைத் தொட்டவை சராசரியாக நூற்றுக்கு 18. முறையான பயிற்சி பெற்றுத் தொடர்ந்து தேர்வுக்கு உட்படுபவர்களின் நிலையே இது. காகித இலக்கு அசைவதில்லை, பயமுறுத்துவதில்லை, மனிதர் அப்படியல்லர். மீதி 82 குண்டுகளும் எங்கோ போயின என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு பிற்பகல் வகுப்பில் சான்றிதழ் பெற்றவர் நெரிசலான கடைவீதியில் என்ன செய்வார் என்ற கேள்வி எழுகிறது. திறன் நீச்சலைப் போன்றதன்று, பழகாவிட்டால் குறைந்துவிடும். திரும்பத் திரும்பப் பழக அழைக்காத வகுப்பு முழுமையானதாகாது.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

தற்காப்பைப் பற்றிப் பேசும்போது வெளியிலிருந்து வரும் ஆபத்தையே நினைக்கிறோம். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், பாதிக்கும் மேல். மனம் உடைந்த ஒரு பொழுது பெரும்பாலும் கடந்துபோகும். கைக்கெட்டும் தூரத்தில் நிரப்பிய துப்பாக்கி இருந்தால் அந்தப் பொழுது கடக்காமலே போகலாம். பூட்டிய பெட்டி, தனியே வைத்த தோட்டா, குழந்தைகளுக்கு எட்டாத இடம் ஆகியவை பயிற்சியின் பின்னிணைப்பு அல்ல, முதற்பாடம். வீட்டில் யாரேனும் துயரத்தில் இருக்கும்போது துப்பாக்கியை வீட்டைவிட்டே அகற்றி வைக்கச் சொல்பவரே பொறுப்புள்ள பயிற்சியாளர்.

ஆக, நல்ல பயிற்சி எது என்பதற்கு விடை இதுதான்: விரலைப் பழக்குவதோடு அது கண்ணையும் மனத்தையும் பழக்கும்; சட்டத்தைச் சொல்லும்; காதையும் நுரையீரலையும் காக்கும்; பூட்டின் அருமையை உணர்த்தும்; இவ்வளவுக்கும் பிறகு, உனக்குத் துப்பாக்கி தேவைதானா என்று கேட்கத் தயங்காது. அந்தக் கேள்விக்குத் தேவையில்லை என்று விடை சொல்லித் திரும்பும் மாணவரும் அவ்வகுப்பில் தேர்ச்சி பெற்றவரே.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். எனவே இக்கேள்வி நம்மில் மிகச் சிலருக்கே எழும். ஆயினும் உந்தக் கணக்கில் அடுத்த முறை துப்பாக்கியும் குண்டும் வரும்போது, விடையின் கீழ்க் கோடு போடுவதற்கு முன் மாணவர்கள் ஒரு நொடி நிற்கட்டும். குண்டின் நிறை, வேகம், உந்தம் யாவும் கணக்கில் இருக்கின்றன. குண்டு எங்கே போய் நிற்கும் என்பது மட்டும் அதில் இல்லை.